மரம் நடும் படிப்பா இது?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: "என்ன படிக்கிறீங்க தம்பி?" எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் என்று சொன்னதும் ரசத்துக்குக் குழி பறித்தபடியே, "ஓ, மரம் நடுற படிப்பா? நல்லது, நல்லது. நம்ம வீட்டு வாசல்ல ரெண்டு வேப்பங்கன்னு வெச்சுக் குடுங்களேன்" என்பார். மாணவனாக இருந்தபோது நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடமும் ஊர் அதையேதான் கேட்கிறது. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்திக்காரர் மட்டும் இப்படி நினைத்தால் பரவாயில்லை. கல்லூரி நிர்வாகமும் அப்படித்தான் நினைக்கிறது. காட்டை வெட்ட அனுமதி தரும் கோப்பும் அப்படித்தான் நினைக்கிறது.

இந்த நம்பிக்கைக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இயற்கை மேல் பாசம் இருந்தால் போதும், படிப்பு தேவையில்லை என்பது ஒன்று. எந்த மரத்தை எங்கே நட்டாலும் புண்ணியம்தான் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு.

நான் முதுகலை படித்த கல்லூரியில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு குழி உண்டு. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று சிறப்பு விருந்தினர் வருவார், பேனர் கட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். முந்தைய நாளே குழியை வெட்டி வைப்பது எங்கள் வகுப்பின் வேலை. முதல் வருடம் புங்கன் வைத்தோம். இரண்டாம் வருடம் மகிழம் வைத்தோம், அதே குழியில். புங்கன் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 5 எங்கிருந்து வந்தது? 1972-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. நம் மழைக்கும் அந்தத் தேதிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இங்கே அப்போதுதான் கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முதன்மையான மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கிற ஊரில், சுவீடன் தேதி பார்த்துக் கன்று நடுகிறோம். எந்த மாதத்தில் மண்ணில் ஈரம் இருக்கும் என்று பார்க்காத பாசம், கன்றைக் கொல்லும் பாசம்.

சரி, காலத்தில் நட்டால்? இடமும் பார்க்க வேண்டும். நீலகிரியின் உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தப் புல்வெளியைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், மரமில்லாத நிலம் வீண் நிலம் என்று முடிவுகட்டி, 19-ஆம் நூற்றாண்டிலேயே சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு நம் வனத்துறையும் அதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தது. வரையாடு மேயும் புல் போயிற்று. மழையைப் பிடித்து வைத்து ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விட்ட நிலம் சீகைத் தோப்பாயிற்று. சமவெளியில் விறகுக்காகப் பரப்பிய சீமைக்கருவேலத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அயல் தாவரங்களை அகற்றவே ஒரு கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. நட்டதைப் பிடுங்க ஒரு கொள்கை! புல்வெளி என்பது அரைகுறைக் காடு அல்ல, அது தன்னளவில் முழுமையான ஒன்று என்று சொல்ல அன்றைக்கு ஓர் ஆள் இருந்திருந்தால், இந்தச் செலவும் சேதமும் இவ்வளவு ஆகியிருக்காது. அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

பழைய கதை என்று தள்ள முடியாது. கிரேட் நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டைத் துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்குக் கொடுக்க முடிவானபோது, ஈடாக மரம் வளர்ப்பதாகச் சொல்லப்பட்ட இடம் எது தெரியுமா? ஹரியானா! மரத்துக்கு மரம் சரியாகிவிட்டது, கணக்கு முடிந்தது. பந்திக்காரரின் வேப்பங்கன்றுக்கும் இந்தக் கணக்குக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான்.

அப்படியானால் இந்தப் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்? கூவத்தின் பாலத்தடிக்கு வந்து பாருங்கள். கயிறு கட்டிய வாளியை இறக்கி நீரை எடுத்து, 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழி புகாமல் நிரப்பி மூட வேண்டும். கரைந்த ஆக்சிஜன் ஆய்வகம் போய்ச் சேரும்வரை காத்திருக்காது என்பதால் வேலையைக் கரையிலேயே தொடங்க வேண்டும். மாங்கனீஸ் சல்பேட் இரண்டு மில்லி, கார அயோடைடு இரண்டு மில்லி. நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். அடர் பழுப்பு என்றால் ஆறு மூச்சுவிடுகிறது என்று பொருள். முதல் தடவை போன மாணவி புட்டியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு வரவே இல்லை. திரிந்த பால் போல வெள்ளையாகத் திப்பி திப்பியாக இறங்கியது. "சார், மருந்து கெட்டுப்போச்சா?" என்றாள். மருந்து கெடவில்லை. ஆக்சிஜன் இல்லை.

வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: "இந்தப் பக்கம் நடந்தாலே மூக்கைப் பிடிக்கணும். இதுக்கு எதுக்கும்மா புட்டி?" நியாயமான கேள்வி. ஆனால் நாற்றம், ஆறு செத்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். அது எங்கே செத்தது என்று புட்டிதான் சொல்லும். இதே கூவம் மேலே திருவள்ளூர்ப் பக்கத்தில் இவ்வளவு மோசமில்லை. இறங்கி வருகிற வழியில் இடம் இடமாக எடுத்துப் பார்த்தால், எந்த வாய்க்கால் கலக்குமிடத்தில் பழுப்பு வெள்ளையாகிறது என்று தெரியும். அது தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

நீதிமன்றமும் மூக்கைச் சாட்சியாக ஏற்பதில்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆலைக் கழிவின் மாதிரியை அதிகாரி எப்படி எடுக்க வேண்டும், எப்படி முத்திரையிட வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறது. முறை தவறி எடுத்தால் ஆய்வு முடிவு சாட்சியம் ஆகாது. தோல் கழிவால் பாலாற்றுப் படுகை பாழான வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுதர வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் சட்டத்தின் பகுதியாக்கியது. நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வயல் உப்புப் பூத்ததை விவசாயி கண்ணால் பார்த்தார். அந்த உப்பு எத்தனை மில்லிகிராம் என்று ஒருவர் அளந்து எழுதியபிறகே வழக்கு நிலைத்தது.

பாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் குருவி, ஏரி, கடல் என்று ஏதோ ஒன்றின்மேல் வைத்த பிரியத்தால்தான் எங்களிடம் வருகிறார்கள். ஆனால் குழந்தைகள் மேல் பிரியம் இருந்தால் குழந்தை மருத்துவர் ஆகிவிட முடியுமா?

பாசமே போதும் என்ற இந்த நினைப்புக்கு ஆசிரியர்களாகிய நாங்களும் உடந்தைதான். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இளநிலை வகுப்புகளுக்கான ஆறு மாதப் பாடத்திட்டம் வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபிறகு பல கல்லூரிகளில் அது காலி பீரியட் உள்ள எந்த ஆசிரியரும் எடுக்கலாம், எந்த மாணவரும் பாஸாகலாம் என்ற பாடமாயிற்று. களப்பயணத்தை டூர் என்கிறோம். நுரைக்கும் கால்வாயைக் காட்டாமல் அருவியைக் காட்டிக் கூட்டிவருகிறோம்.

இதன் விலையைக் கொடுப்பவர் முதுகலை முடித்து வெளியே வரும் பிள்ளை. திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடும் ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். அந்த நிறுவனத்துக்குக் காசு கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. பல திட்டங்களுக்கு மழையில்லாத ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எந்த ஏரியும் பொட்டல்தான். "மழைக்காலத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் சார்" என்று சொல்லும் தெம்பு அவருக்கு எங்கிருந்து வரும்? அவர் அறிவியல் படித்தவர் என்று வீடு நம்பவில்லை, கல்லூரி நம்பவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எத்தனை கன்று நடப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள், சேர்த்துவிட்டு வருவார்.

அடுத்த முறை பந்தியில் இப்படி ஒரு பிள்ளை பக்கத்து இலையில் உட்கார்ந்தால், எத்தனை மரம் நட்டாய் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் ஏரித் தண்ணீரைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். வாசலில் வேப்பங்கன்று வைத்தே ஆக வேண்டுமென்றால் வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. அக்டோபரில் வையுங்கள்.