முதியவர் இருவர், நாற்காலி ஒன்று

ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நமக்கு விமான நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பேச்சு இருக்கிறது. மகன் மஸ்கட்டில், மகள் சிங்கப்பூரில் என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பேரப்பிள்ளையின் முகம் பார்க்க எழுபது வயதுத் தாய் தன்னந்தனியாக விமானம் ஏறுகிறாள்.

2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து வந்திறங்கிய 80 வயது முதியவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வந்ததோ ஒன்று. அதில் மனைவியை உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தார். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாரென்று பத்திரிகைகள் எழுதின. குடியேற்றச் சோதனை நடக்கும் இடத்தில் சுருண்டு விழுந்தார். உயிர் தப்பவில்லை.

ஏர் இந்தியா கம்பெனி என்ன சொல்லிற்று? நாற்காலிக்குக் கிராக்கி அதிகம், சற்றுப் பொறுக்கச் சொன்னோம், அவரே நடந்தார் என்றது. மனைவியை யாரோ தள்ளிக்கொண்டு போகும்போது கணவர் நின்று வேடிக்கை பார்ப்பாரா? விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. சரி, விதிக்கட்டும். அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். அடுத்த முதியவரின் நாற்காலியை யார் தள்ளுவது?

தோழர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாற்காலி தானாக ஓடாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். விமானக் கம்பெனிகள் பல இந்த வேலையைக் காண்ட்ராக்டில் விட்டுவிடுகின்றன. ஆளைக் குறைத்தால் லாபம். இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொல்லும் கணக்கு உங்களுக்குப் புதிதா என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடக்கத் தெம்புள்ளவர்களும் நாற்காலி கேட்கிறார்கள் என்று குறை கூறுகிறார்கள். சிலர் வரிசையைத் தாண்டக் கேட்பது உண்மையே. ஆனால் பலகையைப் படிக்கத் தெரியாத, வேற்று மொழியில் கேட்டால் விழிக்கிற நம் தாய்மார் வேறென்ன செய்வார்கள்? அவர்களுக்கு வேண்டியது நாற்காலியல்ல, கூட நடக்க ஓர் ஆள். அந்த ஆளையோ பல விமான நிலையங்கள் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன!

ஐரோப்பிய யூனியனில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி இந்த உதவி விமான நிலையத்தின் பொறுப்பு. செலவை எல்லா விமானக் கம்பெனிகளும் பங்கிட்டுக் கொடுக்கின்றன; பிரயாணியிடம் காசு கேட்கக் கூடாது. இங்கும் வயதால் நடை தளர்ந்தவருக்கு விமான நிலைய வாசலிலிருந்து விமானம் வரையிலும், இறங்கியபின் வெளிவாசல் வரையிலும் இலவசமாக உதவ வேண்டுமென்றே விதி இருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்கும் பிள்ளைகள் அப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். போனால் போகிறதென்றாலும் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். தாயின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இது: பதிவான நாற்காலிக்கு ஓர் ஆள் என்று கணக்கை நிர்ணயிக்க வேண்டும். வழி தெரியாத முதியவருடன் நடக்கவும் கட்டணமின்றி ஆள் வேண்டும். தள்ளுகிற தொழிலாளி பிரயாணியின் இனாமை எதிர்பார்த்து நிற்காதபடி நிரந்தர வேலையும் முழுக் கூலியும் கிடைக்க வேண்டும்.