பின்பால்: லக்கையும் கொஞ்சம் விட்டு வைங்கப்பா

பின்பால் ஆடப் போறேன்னு சொன்னா ஆபீஸ்ல வர்ற முதல் கேள்வி, "அது சும்மா லக்கு தானே?" ரெண்டாவது கேள்வி, "அதுக்கெல்லாம் கூடவா டோர்னமென்ட் வெக்கிறாங்க?" ரெண்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால மொத்தமா எழுதிடறேன்.

முன்னபின்ன பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. ஆறரை டிகிரி சாய்வா ஒரு மேஜை, மேல கண்ணாடி, உள்ள 80 கிராம் எடையில ஒரு இரும்புக் குண்டு. அடியில ரெண்டு பக்கமும் பிளிப்பர்னு ரெண்டு சின்ன மட்டை. பந்து உருண்டு கீழ வரும்போது பட்டனை அமுக்கி மேல அடிக்கணும். நடுவுல விழுந்துட்டா அந்தப் பந்து காலி. மூணு பந்து போச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது. நம்ம ஊர்ல ஆணி அடிச்ச பலகையில குண்டு விட்டு ஆடுவோமே பேகடெல், அதோட வம்சம்தான் இது. ஆரம்பத்துல இதுலயும் பிளிப்பர் கிடையாது. 1947ல காட்லீப் கம்பெனியோட ஹம்ப்டி டம்ப்டி மெஷின்லதான் அது வந்துச்சு.

இந்த 1947ஐ ஞாபகம் வெச்சுக்குங்க. நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பாலைத் தடை பண்ணது 1942ல. இது சூதாட்டம், பசங்க காசைப் பறிக்குதுன்னு சொல்லி சம்மட்டியால மெஷின்களை உடைச்சு போட்டோவுக்கு போஸ் எல்லாம் குடுத்தார். அவரைத் திட்டாத பின்பால்காரன் கிடையாது. ஆனா எனக்கு அவர் மேல பெரிய கோவம் இல்ல. பிளிப்பரே இல்லாத காலம். பந்தை விட்டோமா, மெஷினை ரெண்டு தட்டு தட்டினோமா, எந்தக் குழியில விழுதுன்னு பாத்தோமான்னு இருந்த சமாச்சாரம். அதை லக்குன்னு சொன்னது அவ்வளவு தப்பில்ல. தப்பு என்னன்னா, பிளிப்பர் வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகியும் அந்தச் சட்டத்தை யாரும் தொடாததுதான். (லெகஸி கோடுல கை வெக்க எல்லா ஊர்லயும் பயம்தான் போல.)

1976ல தடை நீங்கின கதை இன்னும் ஜோர். ரோஜர் ஷார்ப்னு ஒரு பத்திரிகைக்காரர். நல்லா ஆடுவார். நகர சபைக் கமிட்டி முன்னாடி மெஷினைக் கொண்டாந்து வெச்சு, இது திறமைதான்னு ஆடிக் காட்டினார். கடைசியா, "இப்ப பிளஞ்சரை இழுத்து விடறேன் பாருங்க, பந்து மேல நடுச் சந்துல போகும்"னு சொல்லிட்டு விட்டார். சொன்ன மாதிரியே போச்சு. தடையும் போச்சு.

இதுல நக்கல் என்னன்னா, பிற்காலத்துல அந்த ஷாட்டைப் பத்திப் பேசும்போது, அதுல லக்கும் இருந்துச்சுன்னு அவரே ஒத்துக்கிட்டார். பின்ன? பிளஞ்சரை இழுத்து விடறதுங்கிறது லா கார்டியா காலத்து ஆட்டம். திறமையை நிரூபிக்க அவர் காட்டினது, இருக்கறதுலயே அதிகமா லக்கு இருக்கிற ஷாட்! ஒரே ஒரு சாம்பிள், அதுவும் சரியா விழுந்துருச்சு. புரொடக்ஷன்ல ஒரு தடவை ஓடிட்டா கோடு சரின்னு நம்புற நம்ம டேமேஜர் மாதிரி கமிட்டியும் நம்பிடுச்சு.

அப்ப திறமை எங்க இருக்கு? நல்லா ஆடறவங்க பக்கத்துல அரை மணி நேரம் நின்னு பாருங்க. முதல்ல கண்ல படறது, அவங்க பட்டனை ரொம்பக் கம்மியா அமுக்கறதுதான். புதுசா ஆடறவங்க பந்து வந்தா ரெண்டு பட்டனையும் டபடபன்னு அடிப்போம். அவங்க சும்மா நிப்பாங்க. வேகமா வர்ற பந்து பிளிப்பர்ல பட்டு தானே எதிர்ப் பிளிப்பருக்குத் தாவும், அங்க அதைத் தூக்கிப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. இதுக்குப் பேரு டெட் பவுன்ஸ். ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் அதுல வித்தை. பந்து நின்னுட்டா அவசரமே இல்ல. மூச்சு விட்டுட்டு, ஸ்கோரைப் பாத்துட்டு, எங்க அடிக்கணும்னு யோசிச்சு அடிக்கலாம்.

அடுத்தது மெஷினை அசைக்கறது. நிறைய பேருக்கு இது கள்ளாட்டம்னு ஒரு நினைப்பு. இல்லவே இல்ல, ஆட்டத்துல பாதியே அதுதான். பந்து ஓரச் சந்துல நழுவப் போற அந்த நொடி, உள்ளங்கையால மெஷினை ஒரு தட்டு தட்டினா கம்பத்துல பட்டு உள்ள திரும்பி வரும். ஓவரா தட்டினா உள்ள தொங்கற குண்டு ஆடி அதைச் சுத்தியிருக்கிற வளையத்துல படும். ஒண்ணு ரெண்டு எச்சரிக்கை வரும், அப்புறம் டில்ட். பிளிப்பர் செத்துடும், பந்தும் போச்சு, அந்தப் பந்துக்கு சேர்ந்திருந்த போனஸும் போச்சு. எவ்வளவு தட்டலாம்ங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும். டோர்னமென்ட்ல வேணும்னே அதை இறுக்கி வெப்பாங்க. எக்ஸ்ட்ரா பால் கிடையாது. ஓரச் சந்து வாயை அகலமாத் திறந்து விட்டிருப்பாங்க. வீட்டுல அதே மெஷின் வெச்சு ஒரு மணி நேரம் ஆடறவர் இங்க வந்து மூணு நிமிஷத்துல முழிச்சுட்டு நிப்பார்.

அப்புறம் நம்ம டிபார்ட்மென்ட், கோடு. 80களுக்கு அப்புறம் வந்த மெஷின்களுக்கு உள்ள நல்ல கனமான சாப்ட்வேர் உண்டு. எந்த ஷாட்டை எந்த வரிசையில அடிச்சா எது திறக்கும், எது ரெட்டிப்பாகும்னு ஒரு ஸ்டேட் மெஷினே ஓடும். 1995ல வந்த அட்டாக் ஃப்ரம் மார்ஸ்ல ஸ்கோர் நூறு கோடிக் கணக்குல போகும். அதுக்கு கோடு எழுதின லைமன் ஷீட்ஸ் டோர்னமென்ட் ஜெயிக்கிற அளவுக்கு ஆடறவர். 2022ல இறந்துட்டார். எழுதினவருக்கே ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும், ஆடறவருக்கு எது சுவாரசியம்னு தெரியும், ரெண்டும் ஒரே ஆள். கீத் எல்வின் கதை இதுக்கு நேர் எதிர். பல வருஷம் டோர்னமென்ட் சாம்பியன், அப்புறம் ஸ்டெர்ன் கம்பெனியில சேர்ந்து மெஷின் டிசைன் பண்ண ஆரம்பிச்சார். 2018ல அயர்ன் மெய்டன், 2021ல காட்ஸில்லா. ரெண்டும் ஆடறவன் மனசு தெரிஞ்சவன் செஞ்சதுன்னு ஆடினாலே புரியும்.

ஆக, திறமை உண்டு. லக்கும் உண்டு. நல்ல பந்து ஒண்ணு யாரு தப்பும் இல்லாம நேரா நடுவுல விழும், உலக சாம்பியனா இருந்தாலும் கையைக் கட்டிட்டு நிக்க வேண்டியதுதான். கேள்வி, எவ்வளவு ஆடினா லக்கு வடிஞ்சு திறமை மட்டும் நிக்கும்ங்கிறது.

சின்னக் கணக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன். ஒரு கெட்டிக்காரர், ஒரு புதுசு. ஒரு ஆட்டத்துல கெட்டிக்காரர் ஜெயிக்க 100க்கு 65 வாய்ப்புன்னு வெச்சுக்குவோம். ஏழு ஆட்டம் வெச்சு யார் அதிகம் ஜெயிச்சாங்கன்னு பாத்தா அது 80 ஆகும். 25 ஆட்டம் வெச்சா 94. அதாவது புதுசுக்கு 35, 20, 6.

இப்ப ரேங்கிங் சமாச்சாரம். அதை நடத்தறது ஐஎஃப்பிஏங்கிற அமைப்பு. 2006ல அதுக்கு மறுபடி உயிர் குடுத்தது யார்னு நினைக்கிறீங்க? அதே ரோஜர் ஷார்ப்போட பசங்க ஜாஷ், ஜாக். அப்பா ஒரே ஷாட்ல நிரூபிச்சதை பசங்க ஃபார்முலா போட்டு நிரூபிக்கறாங்க! உலகம் முழுக்க நடக்கிற போட்டிகளுக்கு பாயின்ட் குடுப்பாங்க, அந்தப் பாயின்ட்டுக்குப் பேரு வொப்பர். (ஆமா, பர்கர் மாதிரியேதான்.) ஒரு போட்டிக்கு எவ்வளவு மதிப்புங்கிறதுல, அங்க எத்தனை ஆட்டம் ஆடறாங்கங்கிறதும் சேரும். அடிப்படைக் கணக்கு, ஆட்டத்துக்கு 4 சதவீதம், 25 ஆட்டம் ஆனா 100. புள்ளியியல் படிச்ச எவனும் இதைக் குறை சொல்ல முடியாது. நிறைய சாம்பிள், நம்பகமான முடிவு.

ஆனா நான் குறை சொல்லத்தான் வந்திருக்கேன்.

பெரிய போட்டிக்கு இது ரொம்ப சரி. 2019ல பிட்ஸ்பர்க்ல நடந்த பின்பர்க்ல ஆயிரம் பேர் கிட்ட ஆடினாங்க. நாலு நாலு பேரா, சுத்துக்கு நாலு ஆட்டம், முதல் நாள் எல்லாரும் கலந்து, ரெண்டாவது நாள் தரம் பிரிச்சு. நீளம்தான், ஆனா தோத்தவங்களும் தங்களை மாதிரி ஆளுங்களோட மோதி ஒரு கோப்பைக்கு நிக்கலாம். 1991லயே நியூயார்க்ல பாப்பா போட்டி ஆரம்பிச்சவங்களுக்கு இந்த ஞானம் இருந்துச்சு. (சிரிக்காதீங்க, அமைப்போட பேரே பாப்பாதான்.) முழுப் பேர்லயே ப்ரொபஷனலுக்குப் பக்கத்துல அமெச்சூரையும் உக்கார வெச்சிருந்தாங்க.

பிரச்சினை செவ்வாய்க்கிழமை ராத்திரி நடக்கிற சின்ன லீக்ல. நான் போற லீக் சிகாகோவுக்கு வெளிய, பன்னெண்டு மெஷின் இருக்கிற ஒரு பார்ல நடக்குது. ஏழரைக்கு ஆரம்பிச்சா அஞ்சு சுத்து. நாலு பேர் ஒரு மெஷின்ல ஆட இருபது நிமிஷம். ஒன்பதரைக்கு எல்லாம் முடிஞ்சு ஆளாளுக்கு கதை பேசிட்டுக் கிளம்புவோம். இப்ப அதைப் பத்து சுத்தா மாத்தணும்னு ஒரு குரூப் கிளம்பியிருக்கு. சுத்து ரெட்டிப்பானா பாயின்ட் மதிப்பும் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். வருஷக் கடைசியில மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற ஒவ்வொரு பாயின்ட்டும் முக்கியம்னு அவங்க வாதம். அவங்க கெட்டவங்க இல்ல, எனக்கு டெட் பவுன்ஸ் சொல்லிக் குடுத்ததே அவங்கள்ல ஒருத்தர்தான். "புதுசா வர்றவனுக்கும் ரெண்டு மடங்கு ஆட்டம் கிடைக்குமே, தம்பி"ங்கிற தோரணையில அவர் பேசறதும் நியாயம் மாதிரிதான் தெரியும்.

ஆனா மேல போட்ட கணக்கை அந்தப் பக்கத்துல இருந்து பாருங்க. எங்க டீம்ல மதுரைக்காரர் ஒருத்தர், முதல் தடவையா என்னோட வந்தார். நாலாவது சுத்துல எங்க லீக்லயே டாப்ல இருக்கிறவரை மூணாவது பந்துல முந்திட்டார். எப்படி முந்தினார்னு அவருக்கும் தெரியல, பாத்துட்டிருந்த எங்களுக்கும் தெரியல. மொத்தத்துல அன்னைக்குக் கடைசிக்கு ரெண்டாவது இடம். ஆனா அடுத்த வாரம் எனக்கு முன்னாடி வந்து நிக்கிறார்! அஞ்சு சுத்துல அப்படி ஒண்ணு நடந்தா அது அன்னைக்குப் பேச்சு. பத்து சுத்துல அது ஒரு ரவுண்டிங் எரர். ராத்திரி பன்னெண்டு மணிக்கு, எட்டாவது தடவை கடைசியா வந்துட்டு, காலையில எட்டு மணிக்கு ஸ்டேட்டஸ் கால் வெச்சிருக்கிற மனுஷன் மறுபடி வருவாரா? குழந்தை வெச்சிருக்கிறவங்க? இவங்க வரலைன்னா மிச்சம் இருக்கிறது பாயின்ட் தேடி வர்ற பதினாலு பேர். அந்தப் பதினாலு பேரை நம்பி பார்காரர் பன்னெண்டு மெஷினுக்குக் கரண்டும் ரப்பரும் பல்பும் செலவழிச்சுட்டு இருப்பாரா?

சரி, பாயின்ட்டும் வேணும்தான். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல நாள் முழுக்க நீளப் போட்டி வைங்க. நானே வந்து ஸ்கோர் எழுதறேன். வாரப் போட்டியில கை வெக்காதீங்க.

அடுத்த மாசம் லீக்ல ஓட்டெடுப்பு. நான் அஞ்சு சுத்துக்குத்தான் கை தூக்கப் போறேன். மதுரைக்காரரையும் கூட்டிட்டுப் போறேன், அவருக்கும் ஓட்டு இருக்கு :-)