எந்தத் திரவத்தால் துடைப்பது?

சுத்தம் சோறு போடும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆனால் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகையைச் சுத்தம் செய்யப் புகுகிறவர்களுக்குச் சோறு கிடைப்பதும் கேடு விளைவதும் அவர்கள் கையில் எடுக்கும் திரவத்தைப் பொறுத்த விஷயம்.

அழுக்கைக் கரைத்துவிட்டால் மட்டும் போதாது. பலகை, துடைப்பவர், சுற்றியுள்ள காற்று ஆகிய மூன்றுக்கும் அது தீங்கு செய்யலாகாது. பெட்ரோலின் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று, தூரத்திலுள்ள அடுப்பையும் எட்டிவிடும். அதை நினைக்கவே வேண்டாம். நகச்சாயம் போக்கும் அஸிடோன் பலவகைப் பிளாஸ்டிக்கை உருக்குலைத்துவிடும். கைக்குத் தடவும் ஸானிடைஸரிலோ பெரும்பாலும் கிளிஸரின் போன்ற பதார்த்தங்கள் உண்டு. ஆல்கஹால் ஆவியான பிறகும் அவை பலகையில் பிசுபிசுவென்று தங்கும்.

தீப்பற்றாது, பலகையைக் கெடுக்காது என்று தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் கொண்டாடிய திரவம் ஸி.எப்.ஸி. 113. இந்த இனத்துப் பொருள்கள் ஆகாயத்தில் ஏறி ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்டு என்ற இரு விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. படிப்படியாக அதன் உபயோகமும் ஒழிந்தது. இரண்டு பரீட்சைகளில் முதலாவதாகத் தேறிய திரவம் மூன்றாவதில் தோற்ற கதை இது.

வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது 99 சதவிகித ஐஸோப்ரொபைல் ஆல்கஹால். 70 சதவிகிதம் என்று விற்பதில் மீதி பெரும்பாலும் தண்ணீரே. அது உலரத் தாமதமாகும். ஆனால் இந்தச் சாதுவுக்கும் கோபம் உண்டு. சுமார் 12 டிகிரி ஸெண்டிகிரேடிலேயே அதன் ஆவியில் தீப்பற்றக்கூடும். நம் ஊர் மார்கழிக் குளிரும் அதற்குக் கோடைதான்.

ஆகையால் மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியைக் கழற்றி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். விளக்கும் அடுப்பும் அருகில் வேண்டாம். சிறிய கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, மெல்லிய தூரிகையால் தொட்டுத் துடையுங்கள். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பலகை முற்றும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்கலாம்.

வெறும் தூசிதான் படிந்திருக்கிறதா? உலர்ந்த தூரிகையே போதும். பத்தியத்தில் தீரும் வியாதிக்கு மருந்து எதற்கு?