மூன்றாம் நாள் வந்து சேரும் புத்தகம்





பின்லாந்தில் பிப்ரவரி 14 நண்பர்கள் தினம். பக்கத்தில் இருக்கும் எஸ்தோனியாவிலும் அப்படித்தான். காதலர்களை யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் அன்றைக்குப் பள்ளித் தோழிக்கும், அடுத்த வீட்டுப் பாட்டிக்கும், கூட வேலை பார்ப்பவருக்கும் வாழ்த்து அட்டை போகிறது. கிறிஸ்துமஸை விட்டால் பின்லாந்து மக்கள் அதிகமாக அட்டை அனுப்பிக்கொள்ளும் நாள் அதுதான். ஜோடி இல்லாதவர் யாரும் அன்று வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் குளிர்தேசத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பல தேசத்து மனிதர்கள் அன்பை எப்படியெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இந்த இதழ் பேசுகிறது. வேல்ஸ் நாட்டு மரக்கரண்டிகளைப் பற்றி உள்ளே படிப்பீர்கள். தனக்குப் பிடித்த பெண்ணுக்காக ஓர் இளைஞன் ஒரே மரத்துண்டில், எங்கும் ஒட்டுப் போடாமல், சங்கிலியும் கூண்டும் கூண்டுக்குள் உருளும் குண்டுமாகச் செதுக்கிக் கொடுக்கும் கரண்டி அது. 1667 என்று ஆண்டு பொறித்த ஒரு கரண்டி, கார்டிஃப் நகருக்கு அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23 அன்று ரோஜாவும் புத்தகமும் கைமாறும் பார்சிலோனா வீதிகளைப் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. அவை காதலின் கதைகள். என் பக்கத்தை நான் தோழிகளுக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

சீனாவின் ஹூனான் மாகாணத்தின் தெற்கே ஜியாங்யோங் என்று ஒரு வட்டாரம். மலைகளுக்கு நடுவே வயலும் ஆறுமாகக் கிடக்கும் கிராமங்கள். அந்தக் காலத்தில் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பாதங்களை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்துவிடுவார்கள். வயலில் இறங்கி வேலை செய்வது எளிதல்ல. வீட்டின் மாடி அறையில் நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து நூல் நூற்பார்கள், தைப்பார்கள், பூ வேலை செய்வார்கள். அந்த மாடி அறைகளில்தான் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் எழுத்து வாழ்ந்தது. அதை நூஷு என்கிறார்கள். பெண்களின் எழுத்து.

சீன எழுத்து ஆயிரக்கணக்கான எழுத்துக்குறிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமக்கும். நூஷு அப்படியில்லை. ஏறக்குறைய 400 குறிகள். ஒவ்வொன்றும் அந்த வட்டாரப் பேச்சின் ஓர் ஒலியைக் குறிக்கும். சாய்வாக, மெலிந்து, நீண்ட கால்களோடு நிற்கும் எழுத்து அது. கொசு எழுத்து என்றுகூட ஊரில் சொல்வதுண்டாம். மூங்கில் குச்சியைச் சீவிப் பேனாவாக்கி, வாணலிக் கரியைக் குழைத்து மையாக்கி எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில், விசிறியில், கைக்குட்டையில், இடுப்புக் கச்சையில். எழுதியும் வைத்தார்கள், நூலால் தைத்தும் வைத்தார்கள். அம்மா மகளுக்கும், அத்தை மருமகளுக்கும், பெரியவள் சின்னவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை 'ரகசிய எழுத்து' என்று பரபரப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விசிறியில் எழுதியது எல்லோர் கண்ணிலும் படும். வாய்விட்டுப் பாடினால் ஊர் ஆண்களுக்கும் விளங்கும், ஏனென்றால் பேச்சு ஒன்றுதானே? பெண்கள் எதையோ கிறுக்குகிறார்கள் என்று ஆண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கவனிப்பாரில்லாத இடத்தில் பெண்கள் தங்கள் மனதை முழுதாகக் கொட்டி எழுதினார்கள்.

யாருக்கு எழுதினார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பெரும்பாலும் ஒருத்தி இன்னொருத்திக்கு. அந்த வட்டாரத்தில் சம வயதுப் பெண்கள் உறுதி சொல்லி உடன்பிறவாச் சகோதரிகளாகிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. உன் சுகதுக்கம் என் சுகதுக்கம் என்று வாழ்நாள் முழுமைக்குமான உறவு. சில ஊர்களில் ஏழு பேர் சேர்ந்துகூட அப்படி ஒரு குழுவாக இருந்திருக்கிறார்கள். இந்த உறவுக்கு அழைப்பும் நூஷுவில்தான் போகும், மறுமொழியும் நூஷுவில்தான் வரும்.

அப்புறம் கல்யாணம் வரும். பெண்ணை வேறு கிராமத்தில்தான் கட்டிக்கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் தோழிகள் எல்லாரும் மணப்பெண்ணோடு கூடி உட்கார்ந்து பாடுவார்கள். அதில் அழுகைதான் அதிகம். பிறகு பெண் புறப்பட்டுப் போய்விடுவாள்.

மூன்றாம் நாள், பிறந்த வீட்டுச் சீரோடு ஒரு புத்தகம் அவள் கைக்கு வந்து சேரும். துணி அட்டை போட்டுத் தைத்த மெல்லிய புத்தகம். மூன்றாம் நாள் புத்தகம் என்றே அதற்குப் பெயர். பிரித்தால் முதல் சில தாள்களில் மட்டும் பாட்டாக எழுதியிருக்கும். தோழிகளும் அம்மாவும் சகோதரிகளும் எழுதியவை. நீ நல்லவள், நீ இல்லாமல் மாடி அறை வெறிச்சென்று கிடக்கிறது, போன இடத்தில் பொறுமையாக இரு என்று இருக்கும். மாமியார் வீட்டாருக்கும் அதில் வார்த்தை உண்டு: எங்கள் பெண் சிறியவள், அவளை அன்பாக நடத்துங்கள் என்ற வேண்டுகோள். புகுந்த ஊர்ப் பெண்கள் கூடி அந்தப் புத்தகத்தை வாசித்துப் பாடுவார்கள். மருமகளுக்கு இத்தனை தோழிகளா, இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர்களா என்று அங்கே அவள் மதிப்பு ஒரு படி ஏறும்.

மீதித் தாள்கள்? அவற்றை வெறுமையாகவே விட்டிருப்பார்கள். எழுத விஷயம் இல்லாமல் விட்டதல்ல. இனி உன் மனதில் வருவதை நீ எழுதிக்கொள் என்று அவளுக்காகவே விட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஒரு புதிய வீட்டில், அவளுக்கென்று சொந்தமாக இருந்த இடம் அந்த வெற்றுத் தாள்கள்தான். அவற்றின் நடுவே பூவேலை நூலையும் காகிதத்தில் வெட்டிய கோல மாதிரிகளையும் செருகி வைத்துக்கொள்வாள். அன்பைச் சொன்னவர்கள் கோடி பேர் இருக்கலாம். அன்பு செலுத்தப்பட்டவள் பேசுவதற்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்கள் இந்த ஜியாங்யோங் பெண்கள். நான் அறிந்த அன்புக் கடிதங்களில் இதற்கு நிகரானது இன்னொன்று இல்லை.

அந்தப் பெண் இறந்தால் அவளுடைய புத்தகத்தையும் அவளோடு புதைப்பார்கள், அல்லது எரிப்பார்கள். மறு உலகத்திலும் அவள் வாசிக்க வேண்டுமே! அதனால் பழைய பிரதிகள் மிகக் குறைவு. இருந்தவற்றிலும் பல, சீனாவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அழிந்தன. அந்த ஊர்க் கலாசார அலுவலர் ஜோ ஷுவோயி 1950களிலேயே நூஷு எழுத்துகளைச் சேகரிக்கத் தொடங்கி, வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டுத் துன்பப்பட்டார். 1980களில்தான் அறிஞர்கள் கவனம் பரவலாகத் திரும்பியது. சிறுவயதில் மாடி அறையிலேயே இதைக் கற்றுக்கொண்ட பெண்களில் கடைசியானவர் என்று சொல்லப்படும் யாங் ஹுவான்யி 2004இல் காலமானார். 2006இல் சீன அரசு நூஷுவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. 2017இல் அது யூனிகோடுக்குள்ளும் வந்துவிட்டது.

நூஷு ஏன் மறைந்தது? பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நாட்டின் பொது எழுத்தே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓர் எழுத்து மறைவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

தோழிகளை விட்டுக் கொஞ்சம் விலகி, எழுத்தே இல்லாமல் மனதைச் சொன்ன பெண்களையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் பகுதியில் ஜூலு இனப் பெண்கள் மணிகளால் கடிதம் எழுதினார்கள். சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளை நெருக்கமாகக் கோத்து, சிறு பட்டையாக்கி, காதலனுக்குக் கொடுப்பார்கள். அவன் அதைக் கழுத்தில் அணிந்து திரிவான். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் உண்டு. பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பொருள் மாறும். ஊருக்கு ஊரும் மாறும். இன்ன நிறத்துக்கு இன்ன பொருள் என்று சுற்றுலாக் கடைகளில் ஒட்டி வைத்திருக்கும் அட்டையை நம்பி அவற்றைப் படித்துவிட முடியாது. கோத்தவளின் ஊர் தெரிய வேண்டும், அவள் நிலைமை தெரிய வேண்டும். சுரங்க வேலைக்கென்று ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போன ஆண்கள் மாதக்கணக்கில் ஊர் திரும்ப முடியாத காலத்தில், ஏக்கத்தையும் கோபத்தையும் சந்தேகத்தையும்கூட அந்த மணிகள் பேசியிருக்கின்றன.

சீனப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மணி கோத்த ஜூலுப் பெண்கள் பலருக்கும் இல்லை. மனதில் இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

நமக்கு எழுத்து இருக்கிறது. தபால் நிலையத்தில் அஞ்சலட்டையும் இன்லேண்டு லெட்டரும் இன்றும் கிடைக்கின்றன. கைபேசியும் இருக்கிறது. ஆனாலும், கல்யாணமாகிப் போன பின் தோழியோடு தொடர்பு விட்டுப்போன பெண்கள் நம் வாசகியரில் எத்தனை பேர்! 'அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ' என்ற வரி இல்லாமல் நம் அலுவலகத்துக்குக் கடிதக் கட்டு வருவதில்லை. புகுந்த வீட்டில் முதல் நாட்களில் பேச ஆளின்றித் தவித்ததைப் பாட்டிகள் எழுதுகிறார்கள், அம்மாக்கள் எழுதுகிறார்கள், சென்ற வருஷம் கல்யாணமானவர்களும் எழுதுகிறார்கள். மூன்று தலைமுறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதுவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். இந்த இதழின் நடுப்பக்கத்தில் நான்கு தாள்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள். முதல் இரண்டில் உங்கள் தோழிக்கோ தோழனுக்கோ உங்கள் கையாலேயே எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம்; கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது எங்கே என்பதில் தொடங்கினாலும் போதும். மற்ற இரண்டையும் எழுதாமல் அப்படியே அவர்களுக்கு விட்டுவிடுங்கள். நான்கையும் சேர்த்துத் தபாலில் போடுங்கள். விலாசம் தெரியாவிட்டால் பிறந்த வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். அங்கிருந்து எப்படியும் போய்ச் சேரும்.

பதில் வந்தால், அவர்களும் சம்மதித்தால், உங்கள் கடிதத்தையும் பதிலையும் நகலெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஏப்ரல் இதழிலிருந்து மாதம் ஒரு ஜோடிக் கடிதத்தை வெளியிடுவோம். ஆனால் முதலில் அது தோழியின் கைக்குப் போக வேண்டும். எங்களுக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

அன்புடன்,
ஆசிரியர்