முகம் நம்ம ஊர், உடம்பு யாருடையது?

பொங்கல் சமயத்தில் தஞ்சாவூர் பக்கம் கிராமங்களில் கபடிப் போட்டி ஃபிளெக்ஸ்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் ஏதோ ஒரு வெளிநாட்டு ஸ்டேடியம், மேலே மின்னல், கீழே நெருப்பு. நடுவில் நம் ஊர்ப் பையனின் முகம். கழுத்துக்குக் கீழே மட்டும் இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு பாடிபில்டர்!

பல படங்களை ஒட்டி ஒரு போஸ்டர் செய்வது தப்பே இல்லை. 1994-ல் போட்டோஷாப் 3.0 லேயர் வசதியோடு வந்தபின் இது ரொம்பச் சுலபம். மின்னலும் நெருப்பும் அலங்காரம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உடம்பை மாற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கபடிக்காரனுக்கு உடம்புதானே சம்பாத்தியம்? தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகப் புரோ கபடிக் கோப்பையை வாங்கியபோது வயது 41. 46 வயதிலும் அந்த லீக்கில் ஆடினார். மன்னார்குடி பக்கத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். மண் தரையில் விழுந்து எழுந்து வந்த உடம்புக்கு இரவல் தசை எதற்கு? போஸ்டரைப் பார்க்கும் சின்னப் பையன், ஜெயிக்க வேறு உடம்பு வேண்டும் போல என்றுதானே நினைப்பான்?

"ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு செல்ஃபி அனுப்பி, காலையில் போஸ்டர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்று டிசைனர்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால் முதல் வேலை விளையாட்டுக் குழுவுடையது. சாயங்கால வெயிலில், ரெய்டு போகிற நிலையில், தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை.

மீதி டிசைனர் கையில். ஓரங்களை அழிப்பானால் அழிக்காமல் லேயர் மாஸ்க்கில் மறைத்தால், வேண்டும்போது திருத்தலாம். ஆளின் மேல் வெளிச்சம் இடமிருந்து விழுந்தால் பின்னணியிலும் இடமிருந்தே விழ வேண்டும். காலடியில் மல்டிப்ளை லேயரில் ஒரு நிழல் போடுங்கள், இல்லாவிட்டால் ஆள் காற்றில் மிதப்பார்.

அந்த முழங்கால் புழுதியை மட்டும் தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். நெருப்பைவிட அதுதான் போஸ்டருக்கு அழகு.