கையெழுத்துப் போடும் முன் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள்



ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஊதிய ஒப்பந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சில ஆலைகளில் தொகை முடிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. "இந்தத் தடவை இருபத்தோராயிரத்தைத் தாண்டிடுவோம்" என்ற பேச்சு வாலாஜாபாத் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. தாண்டட்டும். வெயில் மழை பார்க்காமல் வாயிற்கூட்டம் போட்டது அதற்குத்தான். ஆனால் தாண்டுகிறபோதே நம் பெண் தொழிலாளர்கள் கையிலிருந்து ஒன்று நழுவிப் போகிறது. ஒப்பந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தோழரும் இதுவரை அதை மேசையில் வைக்கவில்லை. இப்போது வைத்தால் உண்டு. கையெழுத்து விழுந்துவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வரைக்கும் வாய் திறக்க முடியாது.

கருக்கலைப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். சங்கக் கூட்டத்தில் யாரும் மைக் பிடித்துப் பேசாத விஷயம்தான். பேசாததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை நாம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ.யில் இருக்கிறோம். இந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. நம் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்குக் கரு தானாகக் கலைந்தாலும் சரி, சட்டப்படி மருத்துவர் கலைத்தாலும் சரி, சிகிச்சைக்குக் காசு கொடுக்க வேண்டாம். அதோடு ஆறு வாரம் விடுப்பு. சராசரிச் சம்பளம் முழுசாக வரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா போயிருந்தால் போதும். நாம் கட்டிய காசிலிருந்து நமக்கு வரவேண்டியது இது. எந்தக் கம்பெனி நோட்டீஸ் போர்டிலாவது இதை ஒட்டியிருக்கிறார்களா?

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் கடைசி அல்லது மார்ச் கடைசி வரை, சந்தா பிடிப்பார்கள். பிறகு நின்றுவிடும். அடுத்து, கார்டும் செல்லாமல் போகும். அதற்குப் பதில் ஹெச்.ஆர். கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்: கம்பெனி மெடிக்ளைம். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பொடி எழுத்தில் பின்பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே வாசகமாக வகுத்துக் கொடுத்த விலக்குப் பட்டியல் அது. அதில் 18-ஆம் எண்ணைப் பாருங்கள். பிரசவச் செலவு கிடையாது, கருக்குழாயில் தங்கிய கரு மட்டும் விதிவிலக்கு. விபத்தால் ஏற்பட்டால் தவிர கருச்சிதைவுச் செலவு கிடையாது. சட்டப்படி செய்யப்படும் கருக்கலைப்புக்கும் கிடையாது. மறைவில் நடக்கிற காரியத்தைச் சொல்லவில்லை, நாடாளுமன்றம் 1971-லேயே அனுமதித்த சிகிச்சையைத்தான் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். 2020-இல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று சாமானியர்களுக்காக ஒரே மாதிரியான பாலிசி கொண்டுவந்தார்களே, அதிலும் இதே எண் 18 இருக்கிறது.

போன வருடம் தென்னேரி பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சம்பளம் கூடி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்தவள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மூன்றாவது வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்து, தனியார் நர்சிங் ஹோமில் முறைப்படி பார்த்துக்கொண்டார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டிய பில்லை, கம்பெனி கார்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் அனுப்பியிருக்கிறாள். திரும்பி வந்த கடிதத்தை டிபன் பாக்ஸ் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள். ஒரே வரி: விலக்கு எண் 18-இன்படி நிராகரிக்கப்படுகிறது. "அக்கா, இது என்ன நம்பர்? கேஸ் ஏதாவது போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். சட்டம் அனுமதித்ததைச் செய்துவிட்டு ஒரு பெண் போலீஸுக்குப் பயப்படுகிறாள், தோழர்களே.

இந்த வித்தை புதுசல்ல. அமெரிக்காவில் 1973-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பைத் தொட முடியாதவர்கள் காசைத் தொட்டார்கள். 1976-இல் ஹென்றி ஹைட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஏழைகளுக்கான அரசு மருத்துவ நிதியிலிருந்து இதற்கு ஒரு டாலர் போகக்கூடாது. எல்லாப் பெண்களையும் தடுக்கத்தான் ஆசை, கைக்குக் கிடைத்தது இந்த நிதி ஒன்றுதான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். டெக்சாஸில் மெக்காலன் என்ற எல்லையோர ஊரில் ரோசி ஹிமேனஸ் என்ற 27 வயதுப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய், 1977 அக்டோபரில் மலிவான இடத்துக்குப் போய் நோய்த்தொற்றில் செத்தார். அரசு மருத்துவ அட்டை அவரிடம் இருந்தது. 1980-இல் இந்தத் திருத்தம் செல்லும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே சபையில் சண்டை போட்டுக் கொண்டுவந்ததை இங்கே ஒரு வழிகாட்டுதல் பக்கத்தில் ஓசைப்படாமல் முடித்துவிட்டார்கள். நாம் எதிர்த்து ஒரு கோஷம்கூட எழுப்பவில்லை. எழுப்ப வேண்டும் என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

"அரசு ஆஸ்பத்திரி இலவசம்தானே, அங்கே போகட்டும்" என்று ஒரு தோழர் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். புருஷன் கையெழுத்து எங்கே என்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கொண்டால் செய்கிறோம் என்கிறார்கள், இல்லாவிட்டால் காப்பர் டி. கல்யாணம் ஆகாத பெண் என்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேள்வி. ஷிப்டை விட்டுவிட்டு மூன்று முறை அலைய வேண்டும். அலைகிற நாளுக்கெல்லாம் சம்பளம் பிடித்தம், அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு.

சட்டம் இதில் எதையும் கேட்கவில்லை. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் ஒப்புதல் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து தேவையில்லை, மாமியார் கையெழுத்து தேவையில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்; குறிப்பிட்ட நிலைமைகளில் இரண்டு மருத்துவர்கள் ஒப்பினால் 24 வாரம் வரை. 2022 செப்டம்பர் 29-இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, கல்யாணமான பெண், ஆகாத பெண் என்று இதில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடுவதையும் அதே தீர்ப்பு கண்டித்தது. பெண்ணின் பெயரை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை. இந்த நாலு வரியையும் ஒரு பிட் நோட்டீஸில் அடித்து ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு நம் பக்கத்திலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். செங்கல்பட்டுச் சீமையில் 1981-இல் தலித் பெண்கள் சேர்ந்து தொடங்கிய ருவ்செக் அமைப்பு ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் உடல்நலம் பேசியது, பிறகு சொந்தமாக மருத்துவமனையே நடத்தியது. தொழிற்சங்கக்காரர்களான நாம் அந்தப் பெண்களிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் குறைந்துபோய்விட மாட்டோம்.

விடுதிப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து தங்கியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 படுக்கை. இவர்களில் அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட பெண்களுக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை ஐபோன் அசெம்ப்ளி வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று. மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி இருந்தாலே வேலை கிடைக்குமா என்ற சந்தேகம் இருக்கிற வட்டாரத்தில், கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? யாரோ வாங்கித் தருகிற மாத்திரையை விடுதி பாத்ரூமில் போட்டுக்கொள்கிறாள். மருத்துவர் மேற்பார்வையில் ஒன்பது வாரம் வரை இதே மாத்திரையைச் சட்டப்படியே கொடுக்கலாம், பெரும்பாலும் ஆபத்தும் இல்லை. எத்தனை வாரம் என்று தெரியாமல் தனியாக ரத்தம் போய்க்கொண்டு கிடப்பதுதான் ஆபத்து. மறுநாள் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி லைனில் எட்டு மணி நேரம் நிற்கவும் வேண்டும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சட்டத்துக்கு வெளியே கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 88-ஆம் பிரிவின்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதில் அடக்கம். இ.எஸ்.ஐ. விதி ஆறு வாரச் சம்பளம் தரும்போது, குற்றமாகக் கருதப்படும் கருச்சிதைவுக்குக் கிடையாது என்று ஓரமாக எழுதி வைத்திருக்கிறது. ஆக, முறையான இடத்துக்குப் போகக் காசில்லாததால் மறைவாக மாத்திரை போட்டவளுக்கு விடுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை, வெளியே சொன்னால் வழக்கும் வரலாம்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இது குடும்ப விஷயம், சங்கத்துக்கு எதுக்கு?" என்கிறீர்கள். பிரசவ விடுப்பும் ஒரு காலத்தில் குடும்ப விஷயம்தான். அடித்துப் பிடித்து வாங்கினோம். "பெண் சிசுவைக் கலைப்பதற்கு வழி விட்ட மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. உசிலம்பட்டியிலும் சேலத்திலும் நடந்த பெண் சிசுக்கொலை நமக்கும் தெரியும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அதை மீறுகிற ஸ்கேன் சென்டர்காரனைப் பிடியுங்கள், கூடவே நிற்கிறோம். அவனை விட்டுவிட்டு ஒரகடத்துப் பெண்ணின் காப்பீட்டை ஏன் அறுக்கிறீர்கள்? பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தது ஜனத்தொகைக் கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. அவர் படத்தைச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அவர் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு என்ன தயக்கம்?

எழுத வேண்டியது கஷ்டமானதும் அல்ல. காப்பீட்டு ஆணையத்தின் அந்த வாசகம், விலக்கு வைத்தால் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்கிறது. வைத்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. குழு பாலிசி எடுக்கிற முதலாளி கேட்டால், கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு நீக்கித் தருவார்கள். பல கம்பெனிகளில் பிரசவத்துக்கு இப்படித்தான் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள், அந்தச் சேர்க்கையில் கருச்சிதைவும் கருக்கலைப்பும் உண்டா என்று வரி வரியாகப் பாருங்கள். விலக்கு எண் 18 நம் ஆலைப் பாலிசிக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி, பிரீமியம் கம்பெனி பொறுப்பு என்ற இன்னொரு வரி. இது முதல் கோரிக்கை, விட்டுக்கொடுக்க முடியாத கோரிக்கை.

ஆறு வார விடுப்பைப் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. 1961 பேறுகாலச் சலுகைச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போன பெண்ணுக்கு இதை முதலாளியே தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் சம்பளத்தைத்தான் தரும், ஆஸ்பத்திரி பில்லைத் தராது. அதனால்தான் காப்பீட்டை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். விடுப்புச் சீட்டில் காரணம் எழுதச் சொல்லக் கூடாது, சீட்டு லைன் லீடர் கைக்குப் போகக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். லைனுக்குத் தெரிந்தால் விடுதிக்குத் தெரியும், விடுதிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். கான்ட்ராக்ட், ட்ரெயினி, அப்ரென்டிஸ் பெண்களுக்கும் இதே மெடிக்ளைம் அட்டை என்பதையும் சேருங்கள். அதற்கு நிர்வாகம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், லைனில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக மல்லுக்கட்டி முடிகிற காரியம் இல்லை. இ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்தச் சொல்லியும், எண் 18-இலிருந்து கருச்சிதைவையும் கருக்கலைப்பையும் எடுக்கச் சொல்லியும் இந்த வட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். கொடியின் நிறம் எதுவாக இருந்தாலும் சரி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்களின் விடுதிச் சாப்பாடு விஷமானபோது பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்த பெண்கள் எந்தக் கொடி என்று கேட்டுக்கொண்டா உட்கார்ந்தார்கள்?

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாலாஜாபாத் சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு டிபன் உண்டு, பிள்ளைகளைக் கூட்டி வரலாம். ஒப்பந்தக் குழுத் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது. வரும்போது உங்கள் கம்பெனி மெடிக்ளைம் புத்தகத்தின் விலக்குப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். ஹெச்.ஆர். தர மறுத்தால், மறுத்தார் என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். எந்த ஆலையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு சார்ட்டில் எழுதி முடித்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் கோரிக்கைக் கடிதங்களை எல்லா கேட்டிலும் ஒரே நேரத்தில் கொடுக்கிறோம்.