காலம் கையெழுத்துப் போடாது

அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடக்கவிருக்கிறது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இப்படிக் காத்திருப்பதற்கு வேறு அதிகம் இல்லை. ஆனால் அழைப்பிதழில் ஒரு வரி என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. "காலத்தால் அழிந்த பௌத்தக் கோயில்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

காலமா அழித்தது? முப்பத்தைந்து வருடம் சர்க்கார் ஆபீசில் கோப்பு புரட்டியவன் நான். மனு, அதிகாரியின் அறிக்கை, குறிப்பு, ஆணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும் இருக்கும். காலம் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

நாகப்பட்டினத்தில் கடைசியாக நின்ற பௌத்தக் கோபுரத்துக்கும் கோப்பு உண்டு. சர் வால்டர் எலியட் 1846இல் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று அடுக்கு, நாற்சதுரம், சாந்தில்லாமல் நெருக்கிப் பொருத்திய செங்கல். புதுவெளிக் கோபுரம் என்றும் சீனர் கோயில் என்றும் பெயர். கப்பற்காரர்களுக்குக் கடலிலிருந்து அதுவே அடையாளம். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு அரசு வெளியேற்றிய சேசு சபைக் குருமார்கள் அங்கே போய்க் கல்லூரி நடத்தினார்கள். கோபுரத்தை இடித்து அந்தச் செங்கல்லைக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள 1859இல் சென்னை அரசிடம் மனுப் போட்டார்கள். அப்போது காரியம் நடக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். 1867 ஆகஸ்டு 28ஆம் தேதி, நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது, அனுமதி கிடைத்தது. அவர்கள் நடத்திய கல்லூரியும் 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. கோபுரம் போனது போனதுதான்.

நம் ஊரிலே பாதிரியார்களிடம் படித்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். நானும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், அந்தப் படிப்புக்கு இன்றும் நன்றி உண்டு. யார் மதத்தையும் நான் குறை சொல்லவில்லை. வைணவ குருபரம்பரைக் கதையிலேயே திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுபோய்த் திருவரங்கத்து மதிலுக்குச் செலவழித்தார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, சொல்லிச் சந்தோஷப்பட்டவர்கள் நம்மவர்கள்தானே. பேச்சாளர் இரண்டையும் சொல்லட்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் அது மேடைப் பிரசங்கம், சரித்திரம் அல்ல.

என் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணம் அந்தச் "சீனர் கோயில்" என்ற பெயர். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். வாங் தாயுவான் என்ற சீனர் இந்தப் பக்கத்தில் ஒரு செங்கல் கோபுரத்தைக் குறிப்பிடுகிறார், அதில் 1267ஆம் வருடத்துச் சீன எழுத்து இருந்ததாம். இது அதுவே என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அந்நியன் கட்டியது என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் இடிக்க வருகிறவனைக் கேட்க ஊரில் ஆள் இருக்காது.

விகாரத்தைக் கட்டியவர்கள் ஸ்ரீவிஜய நாட்டு அரசர்கள், உண்மை. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்தச் செப்பேடுகள்தான் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வாங்கியவை. 1090இல் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டில் ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்றே வருகிறது. சோழன் தன் பெயரை வைத்த இடம் எப்படி அந்நியமாகும்?

அங்கே மண்ணுக்குள்ளிருந்து 1856 முதல் 1934 வரை ஏறக்குறைய 350 வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. ஒரு பகுதி எழும்பூரில், மற்றவை உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒரு புத்தர் படிமத்தின் பீடத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. புத்தரை அதில் "ஆழ்வார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். திருவிழாவில் எழுந்தருளச் செய்ய உண்டாக்கிய திருமேனி அது. அதாவது புத்தர் நாகப்பட்டினத்துத் தெருவில் உற்சவமூர்த்தியாகப் புறப்பட்டிருக்கிறார், நம் பெருமாள் புறப்படுவது போல. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த ஒரு வார்த்தையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் எனக்கு நடந்தவரை இந்த மாதிரிப் பேச்சுகள் இங்கிலீஷில் நடக்கும், படம் படமாகத் திரையில் ஓடும், "சோழர் வெண்கலக் கலையின் உன்னதம்" என்று முடியும், பிறகு பிஸ்கட்டும் காபியும். தமிழில் எழுத்து வெட்டிய படிமத்தைப் பற்றித் தமிழில் பேச என்ன கூச்சம்?

நம் பக்கத்திலேயே அரிக்கமேட்டுக்கு அருகே காக்காயன்தோப்பில் ஒரு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஊர் ஜனங்கள் அவரைப் பிரம்மன் என்று கும்பிட்டு வந்தார்கள். 1769இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, மேகம் மறைத்து ஏமாந்த ல ழாந்தீல் என்ற வானசாஸ்திரி வீராம்பட்டினத்துப் பக்கம் கண்ட புத்தரைப் பற்றித் தன் நூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு தெரிந்த கிழங்கள் நாம் இருக்கும்போதே யாராவது அதை உட்கார்ந்து தமிழ்ப்படுத்தினால் நல்லது. பிரம்மன் என்று கும்பிட்டதால் அந்தச் சிலை தப்பித்தது, சீனர் கோயில் என்று ஒதுக்கியதால் அந்தக் கோபுரம் தப்பவில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கேள்வி நேரத்தில் நான் இரண்டு கேட்கப்போகிறேன். ஒன்று, 1867 ஆணையின் நகலை வெண்கலங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் ஏன் வைக்கக் கூடாது? இரண்டு, அந்த 350இல் எது எங்கே இருக்கிறது என்று தமிழில் ஒரு பட்டியல் எப்போது வரும்? மைக் எட்டாவிட்டால் எழுந்து நின்று கத்துவேன். கூட வருகிறவர்கள் சொல்லியனுப்புங்கள், நாலு பேர் சேர்ந்தால் ஒரு கார் பேசிக்கொள்ளலாம்.